கூடக் கருப்பநீர் தரும் பனையைத் தெரிந்தெடுத்து வளர்ப்பது எப்படி: வன்னிக்கு ஒரு முழுமையான வழிகாட்டி

போருக்குப் பின்னர் வன்னியில் பனை விதைக்காத பாடசாலையோ சங்கமோ குறைவு. மாரி தொடங்க முன்னர் லான்ட்மாஸ்டரில் பனங்கொட்டை வந்து இறங்கும். குளக்கட்டு, வீதியோரம், கடற்கரை என்று வரிசையாகப் புதைப்பார்கள். நல்ல வேலை. பங்கர் அமைக்கவென்று தறித்து வீழ்த்தப்பட்ட இலட்சக்கணக்கான மரங்களுக்கு ஈடு கட்டத்தான் வேண்டும். ஆனால் அந்தக் கொட்டை எந்த மரத்துக் கொட்டை என்று யாராவது கேட்கிறோமா?

கேட்க வேண்டும். ஏனென்றால் பனையில் ஒரு பொல்லாத கணக்கு இருக்கிறது. கருப்பநீர் (பதநீர்) எடுக்கப் பாளையை, அதாவது பூங்கதிரை, சீவ வேண்டும். சீவினால் அந்தப் பாளை காய்க்காது. பெண் பாளையைச் சீவினால் பனம்பழம் இல்லை. ஆண் பாளையைச் சீவினால் மகரந்தம் இல்லை. சீவல் தொழிலாளி எந்த மரத்தில் ஏறுவார்? கருப்பநீர் ஏந்தும் முட்டியை (மண்பானையை) நிரப்புகிற மரத்தில்தான். அப்படியானால் நிலத்தில் விழுந்து கிடக்கும் பழம் பெரும்பாலும் யாரும் சீவாத மரத்தின் பழம். அவற்றில் சில ஏறமுடியாத உயரத்தால் விடப்பட்டவை, சில ஆளில்லாக் காணியில் நிற்பவை. மிச்சம், சீவிப் பார்த்துச் சரிவராது என்று கைவிடப்பட்டவை. நாங்கள் ஆண்டாண்டாக நல்ல மரத்தைச் சீவுகிறோம், மற்றதன் விதையை நடுகிறோம். இதை மாற்றுவதுதான் இந்த வழிகாட்டியின் நோக்கம். ஆய்வுகூடம் வேண்டாம். ஒரு அளவுக்குவளை, ஒரு கொப்பி, கொஞ்சப் பெயின்ற், நிறையப் பொறுமை, இவ்வளவும் போதும்.

பைன் மரத்தில் செய்தது என்ன

பனைக்கு வரமுன் பைனைப் பார்ப்போம். மரத்தைக் காயப்படுத்தி அதிலிருந்து வடிவதை எடுக்கும் தொழிலில், கூட வடிக்கும் மரத்தைத் தெரிந்து பெருக்கிய வேலை பைனில்தான் நன்றாக நடந்திருக்கிறது. பைனின் பட்டையைக் கீறினால் பிசின் வடியும். அதைக் காய்ச்சி வடித்தால் டர்பன்டைன் எண்ணெயும் ரோசினும் கிடைக்கும். பெயின்ற், பசை, கடதாசி என்று பல தொழில்களுக்கு அவை போகின்றன. எங்கள் நாட்டிலும் மலைநாட்டுச் சரிவுகளில் நட்ட கரிபியன் பைனில் பிசின் எடுக்கிறார்கள்.

அமெரிக்காவின் தென்கிழக்கில் ஸ்லாஷ் பைன் என்றொரு இனம். 1940களில் புளோரிடாவில் அந்நாட்டு வனச்சேவையின் ஆய்வாளர்கள் பிசின் எடுக்கும் காடுகளில் ஒவ்வொரு மரத்தின் பிசினையும் அளந்தார்கள். ஒரு மரம் கூடத் தருகிறது என்றால், பக்கத்தில் அதே பருமனில் நிற்கும் மரங்களோடு ஒப்பிட்டார்கள். அயல் மரங்களைப் போல இரண்டு மடங்கு தருவதை மட்டும் எடுத்தார்கள். அவற்றின் உச்சிக் கிளையை வெட்டி இளங்கன்றில் ஒட்டுப் போட்டு, ஒட்டுமரங்களை ஒரே தோட்டத்தில் நட்டு, ஒன்றின் மகரந்தத்தை மற்றதற்குக் கொடுத்து விதை எடுத்தார்கள். பிறகு அந்தப் பிள்ளைமரங்களைச் சாதாரண விதையில் வந்த மரங்களுக்குப் பக்கத்தில் நட்டு, பிசினை அளந்து பார்த்தார்கள்.

கண்டது இதுதான்: மரத்துக்கு மரம் பிசினில் இருக்கும் வித்தியாசத்தில் பாதியளவாவது பரம்பரையால் வருகிறது. உயரமும் பருமனும் அந்தளவுக்குப் பரம்பரையில் வருவதில்லை. மண்ணும் இடமும் அதில் கூடக் கை வைக்கும். நல்ல தாய்க்கும் நல்ல தகப்பனுக்கும் பிறந்த மரங்கள் சாதாரண மரங்களைப் போல ஏறத்தாழ இரண்டு மடங்கு பிசின் தந்தன. பின்னர் சீனாவிலும் பிரேசிலிலும் ஜாவாவிலும் இதே வழியைப் பிடித்தார்கள். இன்னொரு வசதியும் பைனில் உண்டு. இரண்டு மூன்று வயதுக் கன்றிலேயே சின்னக் காயம் போட்டு, வடியும் பிசினை நிறுத்துப் பார்த்து, பெரிய மரமானால் எப்படி இருக்கும் என்று ஓரளவு ஊகிக்கலாம்.

பனையில் அந்த வசதி இல்லை. பனைக்கு ஒரே ஒரு குருத்து. ஒட்டுப் போட இடமில்லை. பாளை வரும்வரை கருப்பநீரை அளக்க முடியாது. பாளை வரப் பன்னிரண்டு, பதினைந்து ஆண்டாகும், சில இடங்களில் இருபதும் ஆகும். ஆணா பெண்ணா என்பதும் அப்போதுதான் தெரியும்.

ஆனால் பனைக்கு ஒரு பெரிய சாதகம் இருக்கிறது. மாட்டில் காளையின் பாலை அளக்க முடியாது. பனையில் ஆண் மரத்தையும் சீவலாம். தாயின் தரத்தை எப்படி அறிகிறோமோ அப்படியே தகப்பனின் தரத்தையும் முட்டியில் அளந்து அறியலாம். மரம் வளர்ப்பவருக்கு இது எவ்வளவு பெரிய கொடை!

1. எதைத் தேடுகிறோம் என்று முதலில் முடிவெடுங்கள்

கருப்பநீரின் அளவு ஒன்று, இனிப்பு இன்னொன்று. நல்ல கருப்பநீரில் நூற்றுக்குப் பன்னிரண்டு பங்கு அளவில் சீனி இருக்கும். முட்டி நிறையத் தந்து தண்ணீராக இருக்கும் மரத்தைவிட, முக்கால் முட்டி தந்து இனிப்பாக இருக்கும் மரம் பனங்கட்டி காய்ச்சுபவருக்கு இலாபம், விறகும் மிச்சம். ஆகவே இரண்டையும் அளந்து பெருக்கிப் பாருங்கள். லீற்றரை இனிப்பு வீதத்தால் பெருக்கினால் மரம் தந்த சீனியின் அளவு வரும். என் அபிப்பிராயத்தில் அந்த ஒற்றை எண்ணை வைத்துத் தெரிவுசெய்வதுதான் நியாயம்.

வளர்ச்சி என்று வரும்போது பனையில் உயரத்தைத் தேடக் கூடாது. உயர்ந்த மரம் ஏறுபவருக்கு ஆபத்து. தேட வேண்டியவை வேறு: சீக்கிரம் பாளை தள்ளுவது, அடி தடித்திருப்பது, தலை நிறைய ஓலை இருப்பது. பாளை மட்டையின் கக்கத்தில்தான் வருகிறது. ஓலை கூடினால் பாளைக்கு இடமும் கூடும்.

2. ஏறுபவரிடம் கேளுங்கள்

எந்தப் புத்தகத்திலும் இல்லாத தகவல் அவரிடம் இருக்கிறது. பூநகரியிலோ கண்டாவளையிலோ மாந்தையிலோ ஒரு தோப்பில் பத்து ஆண்டு சீவியவரை நிறுத்தி, "அண்ணை, இந்தத் தோப்பில உங்களுக்குப் பிடிச்ச மரம் எது?" என்று கேட்டுப் பாருங்கள். யோசிக்காமலே கையை நீட்டுவார். எந்த மரம் மாசியிலேயே தொடங்கும், எது ஆடியிலும் விடாமல் தரும், எது இரண்டு கிழமை பொங்கி வடித்துவிட்டுப் படுத்துவிடும் என்று எல்லாம் சொல்வார். வயது போனதால் ஏறுவதை விட்டவர்களையும் தேடிப் போங்கள். அவர்களுக்குத் தெரிந்தது அவர்களோடு போய்விடக் கூடாது. பகுதிப் பனை தென்னை வள அபிவிருத்திக் கூட்டுறவுச் சங்கத்தில் கேட்டால் யார் எந்தத் தோப்பில் ஏறுகிறார்கள் என்று சொல்வார்கள்.

அவர் காட்டிய மரங்களுக்குப் பெயின்றால் இலக்கம் போடுங்கள். நெஞ்சளவு உயரத்தில், எல்லா மரத்திலும் ஒரே திசை பார்த்து. ஆணுக்கு ஒரு நிறம், பெண்ணுக்கு ஒரு நிறம். கிணற்றடியில் நிற்பது, மாட்டுப் பட்டிக்குப் பக்கத்தில் நிற்பது, குளத்து நீர் ஊறும் இடத்தில் நிற்பது, தோப்பின் ஓரத்தில் வெயில் முழுக்கக் குடித்து நிற்பது, இவை நன்றாகத் தந்தால் அது இடத்தின் புண்ணியமாகவும் இருக்கலாம். அந்த மரங்களைச் சந்தேகத்தோடு பாருங்கள். நெருக்கத்தின் நடுவில், மற்றவை படும் அதே பாட்டைப் பட்டுக்கொண்டு கூடத் தருகிற மரம்தான் எங்களுக்கு வேண்டும்.

3. அளப்பது: இங்கேதான் வேலை இருக்கிறது

இலக்கமிட்ட ஒவ்வொரு மரத்துக்கும் பக்கத்தில் நிற்கும் ஐந்து மரங்களை ஒப்பீட்டுக்கு எடுங்கள். அதே பால், ஏறத்தாழ அதே வயது, ஏறத்தாழ அதே பருமன். பெண் மரம் பொதுவாக ஆணைவிடக் கூடத் தரும். அதனால் ஆணை ஆணோடும் பெண்ணைப் பெண்ணோடும் மட்டும் ஒப்பிடுங்கள்.

ஆறு மரத்தையும் ஒரே ஆள் சீவ வேண்டும். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது. சீவும் கையின் பதம், பாளையைத் தட்டும் விதம், சீவும் நேரம் எல்லாம் முட்டியில் தெரியும். நல்ல கை ஒரு மரத்திலும் பழகாத கை இன்னொன்றிலும் ஏறினால் நீங்கள் அளப்பது மரத்தையல்ல, ஆளை.

கிழமைக்கு ஒரு நாள் போதும், ஆனால் எல்லா மரத்துக்கும் அதே நாள். காலையும் மாலையும் இறக்கியதைச் சேர்த்துக் கணக்கெடுங்கள். முட்டி கீழே வந்ததும் மேலே நுரை இருக்கும். நாலைந்து தேனீயும் எறும்பும் மிதக்கும். கருப்பநீர் புளிக்காமல் இருக்க முட்டியில் தடவிய சுண்ணாம்பு அடியில் வெள்ளையாகப் படிந்திருக்கும். பன்னாடையில் வடித்து, நுரை அடங்கும்வரை பொறுத்து, பிறகு அளவுக்குவளையில் ஊற்றுங்கள். நுரையோடு அளந்தால் புதிதாகப் பொங்கும் மரத்துக்குப் பொய்யான மார்க்குப் போகும். அளந்ததும் மரத்தில் அன்றைக்கு எத்தனை பாளை கட்டியிருக்கிறது என்று எண்ணி எழுதுங்கள். நாலு பாளையில் இரண்டு லீற்றர் தருவதும் இரண்டு பாளையில் இரண்டு லீற்றர் தருவதும் ஒன்றல்ல.

இனிப்பை அளக்கக் கைக்கு அடக்கமான பிறிக்ஸ் மானி கிடைக்கிறது, பழச்செய்கைக்காரர் வைத்திருப்பார்கள். கண்ணாடியில் ஒரு துளி விட்டு வெளிச்சத்தைப் பார்த்தால் அளவு தெரியும். கரைந்த சுண்ணாம்பு அளவைக் கொஞ்சம் மாற்றும். ஆகவே முட்டியிலிருந்து எடுக்காமல், புதிதாகச் சீவிய பாளையின் வெட்டுவாயில் திரளும் துளியைச் சின்னப் போத்தலில் ஏந்தி இறக்கச் சொல்லுங்கள். மானி இல்லாதவர்கள் ஒவ்வொரு மரத்துக் கருப்பநீரிலும் ஒரு லீற்றரைத் தனியாகக் காய்ச்சி, வந்த பனங்கட்டியை நிறுத்துப் பார்க்கலாம். கூட நேரம் எடுக்கும், ஆனால் ஏமாற்றாது.

கொப்பியில் எழுத வேண்டியவை: திகதி, மர இலக்கம், பாளை எண்ணிக்கை, காலை அளவு, மாலை அளவு, இனிப்பு, முதல்நாள் மழை பெய்ததா இல்லையா. இப்படி ஒரு பருவம் அளந்தால் ஒரு படம் தெரியும். இரண்டு பருவம் அளந்தால்தான் அதை நம்பலாம். ஒரு ஆண்டு ஓய்ந்து மறு ஆண்டு பொங்கும் மரங்களும் உண்டு.

4. கணக்குப் போட்டுத் தெரிவுசெய்வது

ஐந்து அயல் மரங்களின் சராசரியை நூறு என்று வையுங்கள். உங்கள் மரம் அதற்கு எத்தனை என்று பாருங்கள். நூற்றிருபது என்றால் விட்டுவிடுங்கள். நூற்றைம்பதுக்கு மேல் என்றால் வைத்துக்கொள்ளுங்கள்.

ஏன் இவ்வளவு இறுக்கம்? தாய் சராசரியைவிட நூற்றுக்கு அறுபது கூடத் தருகிறது என்று வைப்போம். பைனில் கண்டதுபோல வித்தியாசத்தில் பாதி பரம்பரை என்று எடுத்தால், அறுபதில் முப்பதுதான் விதைக்குள் போகக்கூடியது. அதிலும் தகப்பன் எந்த மரமோ தெரியாது என்றால் பிள்ளைக்குப் போவது அதில் பாதி, பதினைந்து. தாயும் தகப்பனும் இரண்டும் அறுபது கூடத் தருகிற மரங்கள் என்றால் பிள்ளைகளின் சராசரி முப்பது கூடும். தாயை மட்டும் பார்த்து விதை எடுப்பது பாதி வேலை என்பது இந்தக் கணக்கில்தான் உறைக்கிறது.

எத்தனை தாய்மரம் வேண்டும்? ஒரே தோப்பில் இரண்டு மூன்றை எடுத்து அவற்றின் விதையையே ஊரெல்லாம் நட்டால், அடுத்த தலைமுறையில் சகோதர மரங்கள் ஒன்றோடொன்று கருக்கட்டும். பைனில் நெருங்கிய உறவில் வந்த விதை முளைப்பிலும் வளர்ச்சியிலும் நொடிந்து போவதைத் தெளிவாகக் கண்டிருக்கிறார்கள். குறைந்தது பன்னிரண்டு தாய், வெவ்வேறு தோப்புகளிலிருந்து, முடிந்தால் இருபது. பூநகரி மணலில் நிற்பதும் இருக்கட்டும், உள்ளே செம்மண்ணில் நிற்பதும் இருக்கட்டும்.

5. நல்ல மரத்தைக் காய்க்க விடுங்கள்

இதுதான் மனம் கேட்காத படி. முட்டி நிரப்பும் மரத்தில் இரண்டு பாளையைச் சீவாமல் விடச் சொல்வது ஏறுபவரின் வருமானத்தில் கை வைப்பது. சும்மா கேட்கக் கூடாது. அந்த இரண்டு பாளையின் கருப்பநீருக்கு உரிய பணத்தைச் சங்கமோ காணிக்காரரோ கொடுக்க வேண்டும். மற்றப் பாளைகளைச் சீவிக்கொண்டே இரண்டை மட்டும் காய்க்க விடலாம். முழு மரத்தையும் நிறுத்த வேண்டியதில்லை.

ஆண் மரத்திலும் அப்படியே. தெரிவுசெய்த ஆணில் இரண்டு மூன்று பாளையைக் கட்டாமல், தட்டாமல், பூக்க விடுங்கள். காற்றும் தேனீயும் மிச்சத்தைப் பார்த்துக்கொள்ளும். இதோடு சேர்த்துச் செய்யக்கூடிய ஒரு கெட்டித்தனம் இருக்கிறது: அந்தத் தோப்பில் நிற்கும் மற்ற ஆண் மரங்களை, நல்லது கெட்டது பாராமல், பெண் பாளை பூக்கும் காலத்தில் முழுக்கச் சீவிவிடுங்கள். சீவிய பாளை மகரந்தம் விடாது. பைன்காரர் கெட்ட தகப்பனை விலக்க மரத்தையே தறிக்கிறார்கள். எங்களுக்குப் பாளைக்கத்தி போதும், கருப்பநீரும் மிச்சம். தூரத்து மகரந்தம் காற்றில் வரத்தான் செய்யும். என்றாலும் பக்கத்தில் நிற்கும் தகப்பனுக்கே வாய்ப்புக் கூட.

இன்னும் உறுதியாகச் செய்ய விரும்புபவர்கள் கையால் கருக்கட்டலாம். பெண் பாளையில் பூ விரிய முன்னர் நெருக்கமான வெள்ளைத் துணிப்பை போட்டு, காம்போடு பஞ்சு வைத்துக் கட்டுங்கள். தெரிவுசெய்த ஆணில் விரிந்த கதிரை வெட்டி இறக்கி, நிழலில் கடதாசி மேல் உதறி மகரந்தம் சேருங்கள். பெண் பூ விரிந்து பிசுபிசுப்பாகும் நாட்களில் ஒருநாள் விட்டு ஒருநாள் மென்தூரிகையால் தடவி, மறுபடி பையைக் கட்டுங்கள். பூ எல்லாம் முடிந்து பிஞ்சு பிடித்ததும் பையைக் கழற்றலாம். உயரத்தில் நின்று செய்யும் வேலை இது. ஏறத் தெரிந்தவர் தளைநாரோடு ஏறித்தான் செய்ய வேண்டும். ஆர்வத்தில் வேறு யாரும் ஏறக் கூடாது.

காய்க்க விட்ட குலையில் சிவப்புத் துணி ஒன்று கட்டுங்கள். அயலில் உள்ள பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள். இல்லாவிட்டால் சித்திரை வெயிலில் உங்கள் விதை நுங்காகிப் போய்விடும்.

6. பழம் பொறுக்குவதும் விதைப்பதும்

பழம் தானாக விழட்டும். ஆடி முதல் புரட்டாதி வரை காலையில் போய்ப் பொறுக்கி, தாய்மர இலக்கத்தைக் கொட்டையிலேயே பெயின்றால் எழுதுங்கள். பழத்தைப் பிசைந்து பனாட்டுப் போடலாம்; பழம் வீணாக வேண்டியதில்லை. கொட்டையைத் தண்ணீரில் போட்டு, மிதப்பதைத் தள்ளிவிடுங்கள். வேறு தாயின் கொட்டைகளைக் கலந்து குவிப்பது இந்த வேலை முழுவதையும் ஒரே நிமிடத்தில் அழித்துவிடும். ஒவ்வொரு தாய்க்கும் ஒரு சாக்கு, சாக்கின் உள்ளேயும் வெளியேயும் இலக்கம்.

இங்கே ஒரு சின்னப் பரீட்சை வைக்கலாம். ஒவ்வொரு தாயிலும் இருபத்தைந்து கொட்டையை எடுத்து, பனங்கிழங்குக்குப் பாத்தி போடுவதுபோலத் தனித்தனிப் பாத்தியில் போடுங்கள். தைப்பொங்கலை ஒட்டிக் கிழங்கு கிண்டும்போது எத்தனை முளைத்தது, கிழங்கு ஒன்று சராசரி எத்தனை கிராம் என்று நிறுத்துப் பாருங்கள். கிழங்கின் எடை கருப்பநீரைச் சொல்லாது. ஆனால் எந்தத் தாயின் பிள்ளைகளுக்கு ஊட்டம் கூட என்று சொல்லும். இரண்டு தாய்கள் கருப்பநீரில் சமமாக இருந்தால் இந்த எடையை வைத்து முடிவெடுக்கலாம். கிழங்கை அவித்துச் சாப்பிடுங்கள், ஒடியலுக்கும் போடுங்கள்.

நடுவதற்கு உள்ள கொட்டையை நிற்க வேண்டிய இடத்திலேயே நேரே புதையுங்கள். பனை முளைக்கும்போது முதலில் கீழேதான் இறங்கும். ஆழத்தில் கிழங்கு வைத்த பிறகே ஓலை மேலே வரும். பிடுங்கி நட்டால் கிழங்கு அறுந்துவிடும். ஒரு அடி ஆழக் குழி எடுத்து, மேல்மண்ணும் மக்கிய எருவும் கலந்து நிரப்பி, நாலு அங்குல ஆழத்தில் இரண்டு கொட்டையைச் சற்றுத் தள்ளித் தள்ளி வையுங்கள். மூன்றாம் ஆண்டில் நல்லதை விட்டு மற்றதை அடியோடு வெட்டிவிடலாம். புரட்டாதிக் கடைசியில் முடித்தால் ஐப்பசி, கார்த்திகை மழை முழுவதும் விதைக்குக் கிடைக்கும்.

7. பரீட்சைத் தோப்பின் அமைப்பு

ஒரு ஏக்கர் இருந்தால் போதும். பன்னிரண்டு தாயின் விதை, அதோடு பதின்மூன்றாவதாக ஊரில் பொறுக்கிய சாதாரண விதை. இந்தப் பதின்மூன்றாவது கட்டாயம் வேண்டும். அது இல்லாவிட்டால் உங்கள் மரங்கள் முன்னேறியிருக்கின்றனவா இல்லையா என்று எதனோடு ஒப்பிட்டுச் சொல்வீர்கள்?

காணியை நாலு துண்டாகப் பிரியுங்கள். ஒவ்வொரு துண்டிலும் பதின்மூன்று விதைவகையும் வர வேண்டும். வகைக்கு ஆறு மரம், ஒரு வரிசையாக. எந்த வரிசையில் எந்த வகை என்பதைச் சீட்டுக் குலுக்கி எடுங்கள், ஒவ்வொரு துண்டுக்கும் புதிதாக. கையால் பார்த்து வைத்தால் பிடித்த வகைக்கு நல்ல மண் போய்விடும். மனிதப் புத்தி அப்படித்தான். மூன்று மீற்றர் இடைவெளியில் 13 வகை, 4 துண்டு, 6 மரம் என்றால் 312 மரம். முக்கால் ஏக்கருக்குள் அடங்கும். மிச்சத்தில் நாலு பக்கமும் ஒரு வரிசை சாதாரணப் பனையை வேலிமரமாக நடுங்கள். ஓரத்து மரத்துக்கு வெளிச்சமும் வேரோட இடமும் கூடக் கிடைப்பதால் அந்த வரிசையைக் கணக்கில் சேர்க்கக் கூடாது.

8. வடலியைக் காப்பது

பனைக்கு ஒன்றும் செய்யத் தேவையில்லை என்று சொல்வார்கள். பெரிய பனைக்குச் சரி. வன்னியில் வடலிக்கு (இளம் பனைக்கு) எதிரிகள் இருக்கிறார்கள். முதல் இரண்டு ஆண்டு, வைகாசி முதல் ஆவணி வரை அடிக்கும் சோளகக் காற்றில் மண் காய்ந்துவிடும். கிழமைக்கு ஒரு முறை தண்ணீர் ஊற்றினால் வளர்ச்சியில் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். மாட்டுக்கும் ஆட்டுக்கும் கிளுவை வேலியோ முட்கம்பியோ வேண்டும். காட்டுக் கரையில் உள்ள காணி என்றால் யானை வரும். குருத்தை இழுத்துத் தின்னும். அப்படியான இடத்தில் பரீட்சைத் தோப்பே போடாதீர்கள். பதினைந்து ஆண்டு வேலையை ஒரு இரவில் பணயம் வைப்பதில் அர்த்தமில்லை. புல்லுக்கு நெருப்பு வைக்கும் காலத்தில் தோப்பைச் சுற்றி இரண்டு மீற்றர் அகலத்துக்குச் செருக்கி வைத்திருங்கள். காண்டாமிருக வண்டு குருத்தைத் துளைக்கும். அது எருவில் பெருகும், ஆகவே எருக்கும்பியைத் தோப்புக்குள் வைக்க வேண்டாம்.

வடலி ஓலையை வெட்டவே வேண்டாம். வேலி அடைக்கவும் மாட்டுக்கும் வடலி ஓலை சுகமாகக் கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் ஒரு வரிசையில் வெட்டி மற்ற வரிசையில் வெட்டாமல் விட்டால் வளர்ச்சி அளவு முழுக்கப் பிழைத்துவிடும்.

9. ஆண்டுதோறும் பார்ப்பது

ஒவ்வொரு தை மாதமும் ஒரு நாள். ஓலை எண்ணிக்கை, அடி சுற்றளவு, செத்தவை. இவ்வளவுதான். நிலத்துக்கு மேல் தண்டு தெரியத் தொடங்கும் ஆண்டையும், பிறகு முதல் பாளை வந்த ஆண்டையும், ஆணா பெண்ணா என்பதையும் மரம் மரமாக எழுதுங்கள். ஏழெட்டு ஆண்டில் எந்த வகை பின்தங்குகிறது என்று தெரிந்துவிடும். நாலு துண்டிலும் ஒரே வகை கடைசியாக நின்றால் அது மண்ணின் குற்றமல்ல. ஒரு துண்டில் மட்டும் என்றால் அந்த மண்ணைப் பாருங்கள்.

இடைக்காலத்தில் சும்மா இருக்க வேண்டியதில்லை. மூன்றாம் படியில் அளந்த தாய்மரங்கள் இன்னும் நிற்கின்றன. ஒவ்வொரு ஆண்டும் அவற்றின் விதையை ஊரில் நடுபவர்களுக்குக் கொடுங்கள். பரீட்சை முடியும்வரை காத்திருந்து நடுவதைவிட, அளந்து தெரிந்த தாயின் விதையை இன்றைக்கே நடுவது எத்தனையோ மேல்.

10. பாளை வந்த பிறகு

எல்லா மரத்தையும் ஒரே ஆள், அதே கிழமைக் கணக்கில், இரண்டு பருவம் சீவ வேண்டும். மூன்றாம் படியில் செய்ததுதான், இப்போது பிள்ளைமரங்களுக்கு. பதின்மூன்றாம் வகையின் சராசரியை நூறு என்று வைத்து மற்றப் பன்னிரண்டையும் பாருங்கள். முதலில் நல்ல வகைகளைத் தெரிவுசெய்யுங்கள். பிறகு அந்த வகைகளுக்குள் நல்ல மரங்களை. ஒரு தாயின் இருபத்துநாலு பிள்ளைகளும் பொதுவாக நன்றாகத் தருகின்றன என்றால், அந்தத் தாயின் தரம் உறுதியாகிவிட்டது. அவள் இன்னும் நின்றால் அவளிடமிருந்தே கூட விதை எடுக்கலாம்.

தரமில்லாத ஆண்களைத் தறிக்க அவசரப்பட வேண்டாம். பனை தறிப்பதற்கு அனுமதி வேண்டும். அதைவிட, முன்பு சொன்னதுபோல முழுக்கச் சீவினாலே அது தகப்பனாக முடியாது. நல்ல ஆண்களை மட்டும் பூக்க விட்டால் அந்தப் பரீட்சைத் தோப்பே விதைத்தோப்பாகிவிடும். அங்கே விழும் ஒவ்வொரு பழத்துக்கும் தாயும் தெரியும், தகப்பன் யாராக இருக்கலாம் என்பதும் தெரியும். பைனிலும் பரீட்சைத் தோப்பை இப்படி விதைத்தோப்பாக மாற்றுவதுண்டு.

தமிழ்நாட்டில் சிறிவில்லிபுத்தூர் ஆராய்ச்சி நிலையம் பனையில் தெரிவு செய்து எஸ்.வி.பி.ஆர். 1 என்ற இரகத்தை வெளியிட்டிருக்கிறது. பனையில் இது முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. எங்களுக்குக் கைதடியில் பனை ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. உங்கள் கொப்பியின் பிரதியோடு போய்ப் பேசுங்கள். இரண்டு பருவத்து அளவோடு வருபவரின் பேச்சுக்கு எப்போதும் ஒரு கனம் உண்டு.

கொப்பியைப் பற்றி ஒரு வார்த்தை

பதினைந்து, இருபது ஆண்டு போகும் வேலை. தொடங்கியவரே முடிப்பார் என்று நம்ப முடியாது. வன்னியில் ஒரு கொப்பி இருபது ஆண்டு ஒரே வீட்டில் இருக்கும் என்றும் நம்ப முடியாது; இடம்பெயர்வில் காணி உறுதியும் பிறப்புச் சான்றிதழுமே தொலைந்த ஊர் இது. ஆகவே மூன்று பிரதி எடுங்கள். ஒன்று வீட்டில், ஒன்று சங்கத்தில், ஒன்று ஊருக்கு வெளியே உள்ள உறவினரிடம். தோப்பின் படத்தைக் கையால் வரைந்து, எந்தப் பக்கம் வடக்கு என்று குறித்து, நாலு மூலையிலும் கொங்கிறீற் கல் நட்டு, கல்லின் இலக்கத்தைப் படத்திலும் போடுங்கள். ஒவ்வொரு பக்கத்தையும் தொலைபேசியில் படமெடுத்து இரண்டு மூன்று பேருக்கு அனுப்பி வையுங்கள். பெயின்ற் இலக்கம் அழிந்து போனாலும், முதல் கல்லிலிருந்து எண்ணிக்கொண்டு போனால் எந்த மரம் எந்தத் தாயின் பிள்ளை என்று யாராலும் கண்டுபிடிக்க முடிய வேண்டும்.